இனுயிட் மக்கள் சொன்னதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிப்பிரதேசத்தில் நடக்கும் திகில் கதைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். பாதிக்கு மேல் 2018-ல் வந்த 'த டெரர்' தொடரைப் பற்றியது. உறைந்த கடலில் மாட்டிக்கொண்ட இரண்டு கப்பல்கள், இருட்டில் வந்து மாலுமிகளை ஒவ்வொருவராக அடித்துப் போடும் ராட்சத மிருகம் என்று கதையை விறுவிறுப்பாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் அந்தக் கப்பல்கள் நிஜமாகவே இருந்தவை, அந்த மனிதர்கள் நிஜமாகவே இறந்தவர்கள். அது 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. அவர்களுக்கு என்ன ஆனது என்று உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் கனடாவின் வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் எதுவுமே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்து, சீஃப் குக்காக ஓய்வு பெற்றவன். ஆகவே அந்தக் கப்பல்கள் போன ஃபிராங்க்ளின் பயணத்தைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் போவது அவர்களுடைய சாப்பாட்டுச் சாமான்களின் மேல்தான். சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் 1845 மே 19 அன்று இங்கிலாந்தை விட்டுக் கிளம்பின. கனடாவுக்கு வடக்கே தீவுகளுக்கு நடுவில் புகுந்து பசிபிக் கடலுக்கு வழி கண்டுபிடிப்பது நோக்கம். கிரீன்லாந்தில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிய பிறகு கப்பல்களில் இருந்தவர்கள் 129 பேர். மூன்று வருடத்துக்கான உணவு ஏற்றியிருந்தார்கள். ஏறத்தாழ 8,000 டின்களில் இறைச்சி, சூப், காய்கறி. அப்புறம் உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பிஸ்கட், மாவு, எலுமிச்சைச் சாறு. புகையிலை மட்டும் மூன்று டன்னுக்கு மேல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், பனியில் நகர நீராவி இயந்திரம், அதிகாரிகளுக்கு வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி எல்லாம் உண்டு.

அந்த டின்களுக்கான ஒப்பந்தம் ஸ்டீபன் கோல்ட்னர் என்பவருக்குப் போனது கப்பல் கிளம்புவதற்கு ஏழு வாரம் முன்பு, ஏப்ரல் 1-ஆம் தேதிதான். சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த யாருக்கும் இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். எட்டாயிரம் டின்களை ஏழு வாரத்தில் அடைத்து, வேகவைத்து, ஈயப்பற்று வைத்து மூட வேண்டும். உள்ளே நடுப்பகுதி வெந்ததா என்று யார் பார்த்திருப்பார்கள்? 1852-ல் அதே கோல்ட்னர் கடற்படைக்குக் கொடுத்திருந்த வேறு டின்களைக் கிடங்கில் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை அழுகிப்போயிருந்தன. ஃபிராங்க்ளினின் டின்களும் அப்படித்தான் இருந்தன என்பதற்கு இது சாட்சி ஆகாது, ஆனாலும் சந்தேகம் நியாயமானதுதான். மூடி உப்பிய டின்னைத் திறக்காமலே கடலில் எறி என்பது என் முதல் கப்பலில் எனக்குச் சொல்லித்தந்த பாடம். எறிந்தால் வேறு டின் இருக்கிறது என்ற தைரியத்தில் எறிவோம். பனிக்கு நடுவில், அடுத்த துறைமுகமே இல்லாத இடத்தில் எறிய யாருக்கு மனசு வரும்?

முதல் குளிர்காலத்தைப் பீச்சி தீவில் கழித்தார்கள். அங்கே மூன்று பேரைப் புதைத்தார்கள். அவர்களில் ஜான் டாரிங்டனுக்கு வயது 20, இறந்தது 1846 புத்தாண்டு அன்று. 1984-லும் 1986-லும் கனடாவின் மானுடவியலாளர் ஓவன் பீட்டி அந்தக் கல்லறைகளைத் திறந்தபோது, உறைந்த மண்ணில் உடல்கள் முகம் அடையாளம் தெரியும் அளவுக்குக் கெடாமல் இருந்தன. சோதனையில் ஈயம் அதிகமாக இருந்தது. ஈயப்பற்று வைத்த டின்தான் எல்லோரையும் கொன்றது என்று கொஞ்ச காலம் பேசினார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் பலர் உடம்பில் ஈயம் ஏறித்தான் இருந்தது, அது ஒன்றே காரணமல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே இரண்டு கப்பல்களும் பனியில் இறுகிக்கொண்டன. அடுத்த கோடையில் பனி உருகவில்லை. 1847 ஜூன் 11-ல் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரல் 22-ல் மீதி 105 பேரும் கப்பல்களைக் கைவிட்டு, டெரரின் கேப்டன் குரோசியர் தலைமையில் தெற்கே ஒரு ஆற்றைத் தேடி நடந்தார்கள். கற்குவியலுக்குள் தகர உருளையில் வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. அது 1859-ல்தான் கிடைத்தது. அந்தக் காகிதம் கிடைத்த இடத்தைச் சுற்றி அவர்கள் போட்டுவிட்டுப் போன சாமான்களில் கனமான இரும்பு அடுப்புகள் நான்கு இருந்தன. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. வடக்கே பனியில் அடுப்பு சமைக்க மட்டுமல்ல, குடிதண்ணீருக்கே அதுதான் வேண்டும். சுற்றிலும் பனி கிடந்தாலும் எரிபொருள் இல்லாவிட்டால் ஒரு குவளை தண்ணீர் கிடைக்காது. அடுப்பையே சுமையென்று இறக்கிவைத்தவர்களுக்கு உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்திருக்கும்?

அதே தீவின் கரையில் சறுக்குவண்டி மேல் ஏற்றிய ஒரு படகும் கிடைத்தது. வண்டியும் படகுமாகச் சேர்த்து அறுநூறு கிலோவுக்கு மேல் எடை. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். பட்டுக் கைக்குட்டைகள், சோப்பு, செருப்புகள், புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகள். சாப்பிட இருந்தது கொஞ்சம் தேயிலையும் நாற்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவான சாக்லேட்டும்தான். படகின் முகப்பு கப்பல்கள் இருந்த திசையைப் பார்த்திருந்தது. திரும்பிப் போக முயன்றிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே இருக்கும் போத்னியா வளைகுடாவில் பனியுடைப்புக் கப்பலுக்காகக் காத்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு. மேல்தளத்து அறையில் வைத்த உருளைக்கிழங்கு உறைந்துவிடும். சமைத்தால் கறுத்துப்போய், அசட்டுத் தித்திப்பாக இருக்கும். எங்களுக்கு ரேடியோ இருந்தது, இயந்திரம் ஓடியது, உதவி வருவது நிச்சயம். அப்படியிருந்தும் வெங்காயமும் பச்சைக் காய்கறியும் தீர்ந்துபோய் டின் சாப்பாடு தொடங்கினால் போதும், சாப்பாட்டு அறையில் பேச்சு குறையும், ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வரும். நல்ல மனிதர்கள்தான். ருசி செத்தால் மனசும் சுருங்கும். குரோசியரின் ஆட்கள் மூன்று குளிர்காலம் இதைத் தாங்கினார்கள். எலுமிச்சைச் சாற்றின் சத்து நாள்பட நாள்பட மங்கிவிடும். அது மங்கிய பிறகு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வரும். ஈறு வீங்கிக் கறுக்கும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண் மறுபடி திறக்கும். இந்த நிலையில் வண்டி இழுத்தார்கள்.

இனி இனுயிட் மக்களுக்கு வருகிறேன். அதே பனியில், அதே வருடங்களில், குழந்தைகளோடும் கிழவிகளோடும் குடும்பம் குடும்பமாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். சீல் என்ற கடல்நாயின் இறைச்சியையும் ஈரலையும் பச்சையாகவே சாப்பிட்டார்கள். அதனால் ஸ்கர்வி அண்டவில்லை. கலைமான் தோலில் இரண்டு அடுக்கு உடை, ரோமம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பிரிட்டிஷ் மாலுமிகளின் கம்பளி உடை வேர்வையில் நனைந்து உறைந்தது. சீல் கொழுப்பு விளக்கு ஒன்றே இனுயிட் மக்களுக்கு வெளிச்சம், அடுப்பு, தண்ணீர் உருக்கும் பாத்திரத்துக்கான நெருப்பு எல்லாம். ஒரு சமையற்காரனாக நான் வியந்து கும்பிடும் பொருள் அந்த விளக்கு.

அப்படியானால் அவர்கள் ஏன் இந்த 105 பேரைக் காப்பாற்றவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1869-ல் அங்கே போன அமெரிக்கர் சார்லஸ் பிரான்சிஸ் ஹாலுக்கும் இதே ஆதங்கம் இருந்தது. தீவின் தெற்குக் கரையில் நான்கு குடும்பங்கள் பட்டினியில் நடந்துவந்த ஏறத்தாழ நாற்பது பேரைச் சந்தித்து, கொஞ்சம் சீல் இறைச்சி கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. சீல் மூச்சுவிட வரும் பனித்துளை பக்கத்தில் மணிக்கணக்காக அசையாமல் நின்றால் ஒரு சீல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை வைத்துப் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றும் நான்கு குடும்பம், வண்டி இழுக்கும் நாற்பது ஆண்களுக்கு எத்தனை வேளை போட முடியும்? கையில் இருந்ததில் கொஞ்சம் கொடுத்தார்கள். அதுவே பெரிது. 1879-ல் ஒரு இனுயிட் மூதாட்டி தான் இளவயதில் பார்த்ததைச் சொன்னார். வண்டி இழுத்துவந்த அந்த வெள்ளையர்கள் மெலிந்திருந்தார்கள், வாய் உலர்ந்து கெட்டித்துக் கறுத்திருந்தது என்றார். ஸ்கர்வி என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு மருத்துவர் குறிக்க வேண்டியதைத்தான் அவர் குறித்துவைத்திருந்தார்.

இதற்கெல்லாம் முன்பே, 1854-ல், கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியைச் சேர்ந்த ஜான் ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இனுயிட் மக்களிடமிருந்து விஷயத்தைக் கேட்டறிந்தார். வெள்ளையர் கூட்டம் ஒன்று பசியால் செத்தது, கடைசியில் செத்தவர்களின் உடலையே தின்னும் நிலைக்கு வந்தார்கள் என்று சொன்னார்கள். ஃபிராங்க்ளின் கப்பல்களின் வெள்ளிக் கரண்டிகளையும் கொடுத்தார்கள். ரேயின் அறிக்கை அந்த அக்டோபரில் லண்டன் பத்திரிகையில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. அவர் மேல்தான் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில் எழுதினார்: பிரிட்டிஷ் மாலுமிகள் அப்படிச் செய்யவே மாட்டார்கள், அந்தக் காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்ப முடியாது, அவர்களே இவர்களைத் தாக்கிக் கொன்றிருக்கலாம் என்ற பொருளில். ஏழைகளின் துயரத்தை அவ்வளவு எழுதிய பேனா அது. முகம் தெரியாத ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் ஆதாரமே இல்லாமல் கொலைப்பழி சுமத்த அதற்கு ஒரு நொடி தயக்கம் வரவில்லை. நான் டிக்கன்ஸை விரும்பிப் படித்தவன். இதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எலும்புகள் பின்னாளில் பேசின. 1997-ல் வெளியான ஆய்வில், தீவின் கரையில் கிடைத்த ஏறக்குறைய 400 எலும்புகளில் 92-ல் கத்தி வெட்டுத் தடம் இருந்தது தெரியவந்தது. 2024-ல் ஒரு தாடை எலும்பு மரபணுச் சோதனையில் எரெபஸின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று உறுதியானது. அதிலும் வெட்டுத் தடம். கப்பல்களைக் கைவிட்டதைச் சொல்லும் அந்தக் காகிதத்தில் குரோசியரோடு கையெழுத்துப் போட்டவர் அவர். இதைக் கேட்டு அருவருப்படைய எனக்குத் தோன்றவில்லை. பசி என்பது எது வரை கொண்டுபோகும் என்று நிறைந்த வயிற்றோடு இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. என் வருத்தம் இதுதான்: இனுயிட் மக்கள் 1854-லேயே உள்ளபடி சொன்னார்கள். பொய்யர்கள் என்ற பழியைச் சுமந்தார்கள்.

கப்பல்கள் விஷயத்திலும் இதே கதை. 1879-ல் புத்தூராக் என்ற இனுயிட் பெரியவர் சொன்ன வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. கிங் வில்லியம் தீவுக்குத் தெற்கே உள்ள அடிலெய்ட் தீபகற்பத்துக்கு மேற்கே பனியில் நின்ற ஒரு கப்பலுக்குள் அவருடைய ஆட்கள் போனார்கள். படுக்கையில் ஒரு வெள்ளையரின் உடல் கிடந்தது. சிவப்பு டின்களில் இறைச்சி, கொழுப்போடு இருந்தது. பல டின்கள் திறந்து கிடந்தன, நான்கு மட்டும் திறக்காமல் இருந்தன. ரொட்டி எதுவும் கண்ணில் படவில்லை. கத்தி, கரண்டி, தட்டு, கோப்பை நிறைய இருந்தன. ஒரு சமையல் அறையின் சாமான் கணக்கை இதைவிடத் துல்லியமாக நானே எழுதியிருக்க முடியாது. திறக்காத நான்கு டின்களை எண்ணி நினைவில் வைத்தவர், கப்பல் நின்ற இடத்தைத் தப்பாகவா சொல்லப்போகிறார்? 2014 செப்டம்பரில் எரெபஸ் அவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த அந்தப் பகுதியில்தான், சுமார் 11 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, கிங் வில்லியம் தீவில் உள்ள யோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக் என்ற வேட்டைக்காரர், பனிக்கு மேலே கம்பம் போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைச் சில வருடம் முன்பு பார்த்ததாகத் தேடுதல் கப்பலில் சொன்னார். அவர் காட்டிய விரிகுடாவில் டெரர் இருந்தது. 2019-ல் உள்ளே கேமரா அனுப்பியபோது அலமாரியில் தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. இந்த வாய்மொழி வரலாற்றையெல்லாம் தன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவர் அதே ஊரின் லூயி கமூகாக். 2018-ல் காலமானார். இரண்டு கப்பல்களும் கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

தொடரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கப்பலின் நெருக்கடியையும் டின் உணவின் பயத்தையும் நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். இனுயிட் பாத்திரங்கள் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள், முக்கியமான பெண் பாத்திரத்தில் கிரீன்லாந்துக் கலைஞர் நீவே நீல்சன் நடித்திருக்கிறார். நான் விடிய விடியப் பார்த்தேன். ஆனால் அந்த மிருகம், தொடருக்கு மூலமான நாவலை எழுதியவரின் கற்பனை. ஆவிகளைப் பற்றிய இனுயிட் நம்பிக்கைகளிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர் உருவாக்கியது. உங்கள் கட்டுரையாளர் அதை 'இனுயிட் புராணங்களில் வரும் ராட்சதன்' என்று எழுதிவிட்டார். இதுதான் என்னை எழுத வைத்தது. மாலுமிகளின் சாவுக்கு இனுயிட் மக்களே காரணமாக இருக்கலாம் என்று டிக்கன்ஸ் ஒரு காலத்தில் எழுதினார். இப்போது அவர்களுடைய பூதம் காரணம் என்று நம் ஊர் வாசகர் மனதில் பதிந்தால் அது அதே அநியாயத்தின் தொடர்ச்சிதான். கற்பனையில் எழுத்தாளர் எந்த மிருகத்தையும் உலவ விடலாம். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பத்திரிகை சரியாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். இன்னொன்று, அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில், இனுயிட் சாட்சியங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். கப்பல்களிலிருந்து இப்போது எடுக்கப்படும் பொருட்கள் கனடாவின் பூங்காத் துறைக்கும் இனுயிட் பாரம்பரிய அறக்கட்டளைக்கும் கூட்டு உடைமை. யோவா ஹேவனில் நத்திலிக் பாரம்பரிய மையம் இருக்கிறது. எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தொடரைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் என் தெருவிலேயே இருக்கிறார்கள், புத்தூராக்கின் பெயரை அவர்கள் உங்கள் பத்திரிகையில்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையற்காரர்,
தூத்துக்குடி